மூச்சு விடும் பொருளுக்கான பொறியியல்

வேளாண் மற்றும் உயிரியல் பொறியியலில் சேர விரும்பும் மாணவர்களும் பெற்றோர்களும் என்னிடம் முதலில் கேட்பது, இது விவசாயப் படிப்பா, பொறியியல் படிப்பா என்பதைத்தான். இது முழுமையான பொறியியல் படிப்பு. நுண்கணிதம், வகைக்கெழுச் சமன்பாடுகள், வெப்ப இயக்கவியல், பாய்ம இயக்கவியல் ஆகிய எதிலிருந்தும் இங்கே விலக்குக் கிடையாது. வயல்வெளி பிடிக்கும் என்பதற்காக மட்டும் சேர்ந்து, கணக்கில் தடுமாறிப் பாதியிலேயே விலகியவர்களை நான் பார்த்திருப்பதால், இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இத்துறையின் தனித்தன்மை, நாம் கையாளும் பொருளுக்கு உயிர் இருப்பதுதான். கிடங்கில் அடுக்கிய எஃகுத் தகடு நேற்று இருந்தபடியே இன்றும் இருக்கும். ஈரம் காயாத நெல்லோ ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு வெப்பத்தையும் நீரையும் கரியமில வாயுவையும் வெளிவிடும், அந்த வெப்பமும் ஈரமும் அதன் சுவாசத்தை மேலும் கூட்டும், பிறகு பூஞ்சையும் சேர்ந்துகொள்ளும். மேலே குளிர்ந்து கிடக்கும் குவியலுக்குள் முழங்கை வரை கையை நுழைத்து அந்தச் சூட்டை ஒருமுறை உணர்ந்த மாணவருக்கு, வெப்பக் கடத்தல் பாடம் அதன்பின் வெறும் சமன்பாடாகத் தெரியாது.

கணக்கிலும் இத்துறைக்கென ஒரு கவனம் தேவை. 22 சதவீத ஈரப்பதமுள்ள 1,000 கிலோ நெல்லை 14 சதவீதத்துக்குக் கொண்டுவர எவ்வளவு நீரை அகற்ற வேண்டும் என்று புதிதாக வேலைக்கு வருபவர்களைக் கேட்டால், பலரும் 80 கிலோ என்கிறார்கள். மாறாமல் இருப்பது 780 கிலோ உலர்பொருள் மட்டுமே. அது மொத்த எடையில் 86 சதவீதமாக வேண்டுமென்றால் நெல்லின் எடை ஏறத்தாழ 907 கிலோவாக இறங்க வேண்டும். ஆகவே அகற்ற வேண்டிய நீர் 93 கிலோ. இந்த 13 கிலோ வித்தியாசம் எரிபொருள் செலவிலும் உலர்த்தியின் கொள்ளளவிலும் நேராகப் பிரதிபலிக்கும்.

கணக்குச் சரியாக இருந்தால் மட்டும் போதாது என்பதை நான் பணியில் சேர்ந்த முதல் ஆண்டில் கற்றுக்கொண்டேன். ஓர் ஆலையில் நேரத்தை மிச்சப்படுத்துவதாக எண்ணி, சூடான காற்றை இடைவெளியின்றிச் செலுத்தி ஒரே மூச்சில் நெல்லைக் காயவைத்தேன். ஈரப்பதமானி நான் விரும்பிய எண்ணையே காட்டியது. அரைத்தபோதோ வழக்கத்தைவிட மிக அதிகமாகக் குருணை விழுந்தது. மணியின் வெளிப்புறம் காய்ந்து சுருங்க, உட்புறம் ஈரமாகவே இருந்ததால், ஒவ்வொரு மணியிலும் கண்ணுக்கு எளிதில் புலப்படாத விரிசல் விழுந்திருந்தது. நடுவில் சில மணி நேரம் காற்றை நிறுத்தி, உள்ளிருக்கும் ஈரம் வெளிப்பக்கம் பரவ இடம் கொடுத்திருந்தால் அந்த இழப்பைப் பெருமளவு தவிர்த்திருக்கலாம்.

1907இல் அமெரிக்க வேளாண் பொறியாளர் சங்கமாகத் தொடங்கிய அமைப்பு, 2005இல் தன் பெயரில் உயிரியல் என்ற சொல்லையும் சேர்த்துக்கொண்டது. நீர்ப்பாசனம், மண் அரிப்பு, பண்ணை இயந்திரங்கள் ஆகியவற்றோடு நொதித்தல் கலன்களும் உயிரி எரிபொருளும் உணவுப் பதப்படுத்தலும் இன்று இப்படிப்புக்குள் வருகின்றன. எல்லாவற்றையும் ஒருவரே ஆழமாகக் கற்க முடியாது; மூன்றாம் ஆண்டுக்குள் ஒரு கிளையைத் தேர்ந்துகொள்வது நல்லது.

பாதுகாப்பைப் பற்றி வகுப்பில் ஒரு மணி நேரம் பேசிவிட்டுக் கடந்துபோவது எனக்கு உடன்பாடில்லை. டிராக்டரின் பின்னால் உள்ள, இணைத்த கருவிகளுக்கு எஞ்சின் விசையைக் கடத்தும் விசைத்தண்டு பொதுவாக நிமிடத்துக்கு 540 முறை, அதாவது ஒரு விநாடியில் 9 முறை சுழலும். தொங்கும் சட்டை நுனி அதில் சிக்கினால் கையை இழுத்துக்கொள்ள அவகாசமே இருக்காது. மூடியைக் கழற்றிவிட்டு அதன் அருகில் நிற்காதீர்கள். அடியில் தானியம் இறங்கிக்கொண்டிருக்கும் சேமிப்புக் கலனுக்குள் கால் வைக்காதீர்கள். அரை நிமிடத்துக்குள் அது ஆளையே மூடிவிடக்கூடும்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடங்களைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், மாணவர்கள் தம் கையால் பம்பைக் கழற்றி மாட்டுகிறார்களா, பாசனக் குழாயில் அழுத்தத்தை அளக்கிறார்களா, உலர்த்தியை இயக்குகிறார்களா என்று அங்கே படிப்பவர்களிடமே கேளுங்கள். களப் பயிற்சியை அறுவடைக் காலத்தில் வைத்துக்கொள்ள இயலுமா என்பதையும் விசாரியுங்கள். ஈரமான தானியம் வரிசையில் காத்திருக்கும் அந்தச் சில வாரங்களில்தான் உலர்த்தி முழுக் கொள்ளளவில் ஓடும்.