மும்பை சொசைட்டி கட்டடங்கள்: நிலம் யார் பெயரில் இருக்கிறது? டீம்டு கன்வேயன்ஸ் வாங்கும் முறை

சென்னையில் அடுக்குமாடி வீடு வாங்குபவர் பத்திரத்தில் முதலில் தேடுவது ‘பிரிக்கப்படாத பங்கு எத்தனை சதுர அடி’ என்ற வரியை. மும்பையில் வீடு வாங்கும் தமிழர்களும் அதையே தேடுகிறார்கள். பெரும்பாலான ஒப்பந்தங்களில் அந்த வரி இருக்காது, ஏனென்றால் அங்கே முறை வேறு. வீடு உங்களுக்கு, நிலமும் கட்டடமும் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்துக்கு, அதாவது சொசைட்டிக்கு. அந்தச் சொசைட்டியில் நீங்கள் உறுப்பினர். நிலத்தைச் சொசைட்டி பெயருக்கு மாற்றித் தரும் தனிப் பத்திரம்தான் கன்வேயன்ஸ். அது பதிவாகாத வரை நிலம் பழைய சொந்தக்காரர் அல்லது பில்டர் பெயரிலேயே இருக்கும், கட்டடத்துக்கு நாற்பது வயது ஆனாலும்.

மகாராஷ்டிரத்தில் 1963-ஆம் ஆண்டு வந்த ஓனர்ஷிப் ஃபிளாட்ஸ் சட்டம் (பேச்சில் ‘மோஃபா’) இதை பில்டரின் கடமையாக வைத்திருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு காலம் எழுதப்படவில்லை என்றால், சொசைட்டி பதிவான நாளிலிருந்து 4 மாதத்துக்குள் கன்வேயன்ஸ் செய்து தர வேண்டும். செய்யாத பில்டர்கள் ஏராளம். காரணம் எஃப்.எஸ்.ஐ. ஒரு மனையில் எவ்வளவு பரப்புக் கட்டலாம் என்ற அந்த அளவு பிற்காலத்தில் உயரும்போது, நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவர் கூடுதல் மாடிக்கோ பக்கத்துக் காலியிடத்துக்கோ உரிமை கோரலாம். கட்டடத்தை இடித்துக் கட்டும் பேச்சு வரும்போதும் அதே சிக்கல். புதிய பில்டரும், அவருக்குக் கடன் கொடுக்கும் வங்கியும் கேட்கும் முதல் தாள்களில் கன்வேயன்ஸ் ஒன்று.

இதற்குத் தீர்வாக 2008-இல் மோஃபா சட்டத்தின் 11-ஆம் பிரிவு திருத்தப்பட்டது. பில்டர் கையெழுத்துப் போட வராவிட்டாலும், அரசு நியமித்த அதிகாரியின் சான்றிதழை வைத்துச் சொசைட்டியே ஒருதலையாகப் பத்திரம் பதிந்துகொள்ளலாம். இதற்குப் பெயர் டீம்டு கன்வேயன்ஸ். சட்டப்படி இது முழுமையான உரிமை மாற்றம்.

முதலில் இருப்பதைச் சரிபாருங்கள்

ஷேர் சர்டிபிகேட் கையில் இருக்கிறது, சொத்து வரி ரசீது சொசைட்டி பெயரில் வருகிறது, ஆகவே நிலம் நம்முடையதுதான் என்று பல கமிட்டிகள் நினைத்துக்கொண்டிருக்கின்றன. இரண்டும் நில உரிமைக்கு ஆதாரம் ஆகாது. ஷேர் சர்டிபிகேட், 50 ரூபாய் முகமதிப்புள்ள ஐந்தோ பத்தோ பங்குகளுக்கான தாள். நீங்கள் உறுப்பினர் என்பதை மட்டும் சொல்லும். சொத்து வரி ரசீது, வரி கட்டுபவர் யார் என்பதை மட்டும் சொல்லும்.

பார்க்க வேண்டியது பிராபர்ட்டி கார்டு, அதாவது மனையின் உரிமையாளர், பரப்பு ஆகியவற்றைக் காட்டும் அரசு நிலப் பதிவு. நகர நில அளவை அலுவலகத்தில் கிடைக்கும். தாதர், மாதுங்கா, சயான் போன்ற தீவு நகரப் பகுதிகளில் சி.எஸ். எண், செம்பூர், முலுண்ட், போரிவலி போன்ற புறநகர்களில் சி.டி.எஸ். எண் (இரண்டும் மனையின் நில அளவை எண்கள்) கொடுத்துக் கேட்க வேண்டும். அதில் உரிமையாளர் இடத்தில் சொசைட்டியின் பெயர் இருந்தால் வேலை முடிந்தது. வேறு பெயர் இருந்தால் தொடர்ந்து படியுங்கள். பிற உரிமைகள் பகுதியில் அடமானம், குத்தகை, நீதிமன்ற வழக்கு ஏதாவது குறிக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

நிலம் கலெக்டர் வசமுள்ள அரசு நிலமாகவோ, மஹாடா (மாநில வீட்டுவசதி வாரியம்) அல்லது சிட்கோவிடம் (மாநில அரசின் நகர வளர்ச்சிக் கழகம்) குத்தகைக்கு எடுத்ததாகவோ இருந்தால் பாதை மாறும். அங்கே சொசைட்டிக்கு வருவது குத்தகை உரிமை. சம்பந்தப்பட்ட அமைப்பின் அனுமதியும் தேவை. இந்தக் கட்டுரை தனியார் நிலத்தில் பில்டர் கட்டி விற்ற கட்டடங்களைப் பற்றியது.

பொதுக்குழுவும் நோட்டீஸும்

கமிட்டி மட்டும் முடிவெடுத்து மனு போடக் கூடாது. சிறப்புப் பொதுக்குழு கூட்டி, டீம்டு கன்வேயன்ஸுக்கு மனு செய்யவும், தலைவர், செயலர், பொருளாளர் ஆகியோர் கையெழுத்திடவும், செலவுக்குப் பணம் வசூலிக்கவும் தீர்மானம் போடுங்கள். சிறப்புக் கூட்டத்துக்கு 5 முழு நாள், ஆண்டுப் பொதுக்குழுவுக்கு 14 முழு நாள் முன்னறிவிப்பு வேண்டும். வருகைப் பதிவேட்டில் கையெழுத்து, நடவடிக்கைக் குறிப்பு இரண்டும் சுத்தமாக இருக்கட்டும். விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் இவற்றைத்தான் முதலில் துருவுவார்.

அடுத்து பில்டருக்கும், பிராபர்ட்டி கார்டில் பெயர் உள்ள நில உரிமையாளர்களுக்கும் பதிவுத் தபாலில் வக்கீல் நோட்டீஸ். வழக்கமாக 15 நாள் கெடு வைப்பார்கள். நில உரிமையாளர் இறந்திருந்தால் வாரிசுகள் எல்லாருக்கும் அனுப்ப வேண்டும். மிக அதிகமாகக் கோட்டை விடும் இடம் இதுதான். ஒரு மகளின் பெயரை விட்டுவிட்டு ஆணை வாங்கினால், தனக்கு நோட்டீஸே வரவில்லை என்று அவர் உயர் நீதிமன்றம் போகலாம். ஆணை ரத்தாகி மறுபடி முதலிலிருந்து தொடங்க நேரும்.

சேர்க்க வேண்டிய தாள்கள்

சொசைட்டி பதிவுச் சான்றிதழ், பிராபர்ட்டி கார்டு, உறுப்பினர் பட்டியல், பதிவான ஃபிளாட் ஒப்பந்தம், ஒவ்வொரு வீட்டுக்கும் கடைக்கும் இண்டெக்ஸ் டூ (பத்திரப் பதிவின் சுருக்கத் தாள்), மாநகராட்சி ஒப்புதல் தந்த வரைபடம், ஐ.ஓ.டி. (மாநகராட்சி நிபந்தனைகளோடு தரும் முதல் கட்ட அனுமதி), கட்டுமானத் தொடக்கச் சான்றிதழ், குடியேற்றச் சான்றிதழான ஓ.சி., பில்டருக்கும் நில உரிமையாளருக்கும் நடுவே உள்ள டெவலப்மென்ட் ஒப்பந்தம், வக்கீலின் டைட்டில் தேடல் அறிக்கை, ஆர்க்கிடெக்ட் சான்றிதழ், அனுப்பிய நோட்டீஸ், பதிய வேண்டிய பத்திரத்தின் வரைவு.

ஓ.சி. இல்லாத கட்டடங்கள் மும்பையில் நிறைய. அதனால் மனு நின்றுவிடாது. ஓ.சி. வாங்கும் பொறுப்பைச் சொசைட்டியே ஏற்கிறது என்று சுய உறுதிமொழி கொடுக்கும் வழியை மாநில அரசு 2018-இல் திறந்துவிட்டது.

எல்லாத் தாளிலும் முக்கியமானது ஆர்க்கிடெக்ட் சான்றிதழ் என்று அடித்துச் சொல்லலாம். மனையின் மொத்தப் பரப்பு, சாலை விரிவாக்கத்துக்குப் போன பரப்பு, பயன்படுத்திய எஃப்.எஸ்.ஐ., மிச்சமிருக்கும் எஃப்.எஸ்.ஐ. எல்லாம் அதில் இருக்க வேண்டும். பிராபர்ட்டி கார்டில் ஒரு பரப்பு, வரைபடத்தில் இன்னொரு பரப்பு என்று இருந்தால், வித்தியாசம் எங்கே போனது என்பதை அவரே எழுத்தில் விளக்க வேண்டும். விளக்கம் இல்லாத வித்தியாசம் ஒன்று போதும், மனு பாதியில் நிற்கும். ஒரே வளாகத்தில் பல கட்டடங்கள், பல சொசைட்டிகள் என்றால் வேலை இன்னும் நுணுக்கமானது. உங்கள் கட்டடத்தின் அடிப்பரப்பா, அதைச் சுற்றிய இடமா, தோட்டத்திலும் உள்சாலையிலும் எவ்வளவு பங்கு என்பதை விகிதக் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும். மலிவாகக் கிடைக்கிறார் என்று அனுபவம் இல்லாத ஆர்க்கிடெக்டிடம் இதைக் கொடுக்காதீர்கள்.

மனு, விசாரணை, ஆணை

மனுவுக்கு 7-ஆம் படிவம். அதில் 2,000 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண முத்திரை. மனு போக வேண்டியது மாவட்டத் துணைப் பதிவாளரிடம் (டி.டி.ஆர்.). சொசைட்டியின் அன்றாட விஷயங்களைப் பார்க்கும் வார்டுத் துணைப் பதிவாளர் வேறு, இவர் வேறு. தாள்களைப் பரிசீலித்து, பில்டர் தரப்புக்கு வாய்ப்புக் கொடுத்து, 6 மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்பது சட்டம். பில்டர் வாய்தா வாங்கி இழுப்பார். ஒவ்வொரு வாய்தாவுக்கும் சொசைட்டி சார்பில் ஆள் போயாக வேண்டும். இழுத்தடிப்பு கோப்பில் பதிவாவது பிறகு உதவும்.

இந்த அதிகாரி பார்ப்பது ஒன்றுதான்: ஒப்பந்தப்படி பில்டர் எதை மாற்றித் தர வேண்டியிருந்தது, அதைச் செய்தாரா இல்லையா. நிலம் உண்மையில் யாருடையது என்ற பெரிய வழக்கை அவர் தீர்ப்பதில்லை. அது சிவில் நீதிமன்றத்தின் வேலை. ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதை விட அதிக இடம் கேட்டு வரைவுப் பத்திரம் போட்டால் தள்ளுபடிதான் மிஞ்சும்.

ஆணை வந்த பிறகுதான் பாதி வேலை

சான்றிதழ் கிடைத்ததும் இனிப்புக் கொடுத்துவிட்டுக் கோப்பை அலமாரியில் வைத்துவிடும் சொசைட்டிகள் உண்டு. அந்தச் சான்றிதழ் மட்டும் நிலத்தைக் கைமாற்றாது.

பத்திர வரைவை முத்திரைத்தாள் கலெக்டர் அலுவலகத்தில் கொடுத்து, எவ்வளவு முத்திரைத் தீர்வை என்று நிர்ணயிக்கச் செய்ய வேண்டும். ஒவ்வொரு வீட்டு ஒப்பந்தத்திலும் ஏற்கெனவே கட்டிய தீர்வை இதில் கழிக்கப்படும். எல்லாரும் சரியாகக் கட்டியிருந்து, எஃப்.எஸ்.ஐ. மிச்சமும் இல்லையென்றால் பத்திரத்துக்குப் பெயரளவு முத்திரைதான். யாராவது ஒருவர் கட்டாமல் விட்டிருந்தால், குறைந்த தொகையும் அதன் மேல் மாதம் 2 சதவீத அபராதமும் சேரும். மிச்ச எஃப்.எஸ்.ஐ. இருந்தால் அதன் மதிப்புக்கும் தீர்வை உண்டு. 1985 டிசம்பர் 10-க்கு முந்தைய ஒப்பந்தங்களில் 5 ரூபாய் முத்திரைத் தாள் இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அன்றைய சட்டப்படி அது சரி. அவற்றை அலுவலகம் தனியாகக் கணக்கிடும்.

தீர்வை கட்டாத அந்த ஒருவர் பங்கை யார் கொடுப்பது என்பதில்தான் சண்டை வரும். கட்ட வேண்டியவர் அந்த வீட்டுக்காரர்தான்; பொதுச் செலவில் சேர்ப்பது நேர்மையாகக் கட்டியவர்களுக்கு அநியாயம். இதைத் தொடக்கப் பொதுக்குழுவிலேயே தீர்மானத்தில் எழுதிவிடுங்கள்.

பிறகு சார்பதிவாளரிடம் சான்றிதழையும் பத்திரத்தையும் கொடுக்க வேண்டும். ஏன் பதியக் கூடாது என்று கேட்டு அவர் பில்டருக்கு ஒரு சம்மன் அனுப்புவார். பதிலைப் பார்த்துவிட்டுப் பதிவு செய்வார். பில்டரின் கையெழுத்து தேவையில்லை.

கடைசியாக, பதிவான பத்திரத்துடன் நகர நில அளவை அலுவலகத்தில் பெயர் மாற்ற மனு. புதிய பிராபர்ட்டி கார்டு வந்ததும் சொசைட்டியின் பெயர், பதிவு எண், பரப்பு மூன்றையும் பத்திரத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். தவறு இருந்தால் அப்போதே திருத்த மனு கொடுங்கள். பழைய உரிமையாளரின் பெயர் சொசைட்டி பெயரோடு சேர்ந்து நிற்கக் கூடாது, நீங்கியிருக்க வேண்டும்.

2017 மே மாதத்துக்குப் பிறகு ரேராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவான திட்டங்களில் வீடு வாங்கியவர்களுக்கு இன்னொரு கதவும் உண்டு: கன்வேயன்ஸ் தராத பில்டர் மீது அந்தச் சட்டத்தின் மாநில ஆணையமான மகாரேராவில் புகார் செய்யலாம். ஆனால் பல கட்டடங்கள் கொண்ட பெரிய வளாகங்களில் கட்டடம் அந்தந்தச் சொசைட்டிக்கும், நிலம் எல்லாச் சொசைட்டிகளும் சேர்ந்த கூட்டமைப்புக்கும் போகும்படி ஒப்பந்தம் எழுதப்படுகிறது. வளாகம் முழுதும் முடிந்த பிறகே நிலம் கைமாறும் என்றும் அதில் இருக்கும். முன்பணம் கொடுக்கும் முன்பே அந்தப் பத்தியைப் படித்து, கடைசிக் கட்டடம் முடியும் தேதி என்ன என்று மகாரேரா பதிவில் பார்த்துக்கொள்ளுங்கள்.