வேலி அடியில்தான் முறிகிறது

கொல்லைப்புறத்துக்கு வேலி போடக் கிளம்புகிறவர்கள் மேலே மேலேதான் பார்க்கிறார்கள். எத்தனை அடி உயரம், பக்கத்து வீட்டு ஜன்னலிலிருந்து தெரியுமா, ரன்னிங் அடி என்ன விலை, என்ன கலர். எல்லாம் கேட்கவேண்டியவைதான். ஆனால் எந்த வேலியும் உச்சியிலிருந்து கெடுவதில்லை. தரைக்கு மேலே நாலு விரல், தரைக்குக் கீழே ஒரு சாண், இந்த இடம்தான் அதன் ஆயுளைத் தீர்மானிக்கிறது. பொருளைத் தேர்வு செய்யும்போது முதலில் பார்க்கவேண்டியதும் இந்த இடத்தைத்தான்.

சாய்ந்துபோன பழைய சவுக்குக் கம்பு ஒன்றைப் பிடுங்கிப் பாருங்கள். காற்றில் நின்ற பகுதி வெயிலில் வெளுத்திருக்கும், ஆனால் தட்டினால் கணீரென்று கேட்கும். குழிக்குள் ஆழத்தில் இருந்த நுனியும் பெரும்பாலும் கெட்டியாகவே இருக்கும். தரைமட்டத்தில் இருந்த கழுத்துதான் போயிருக்கும். அங்கே ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினால் தடையே இல்லாமல் உள்ளே இறங்கும். மரம் நார்நாராகப் பிரிந்து கையோடு வரும்.

மரத்தை மக்கவைப்பது பூஞ்சை. அதற்குத் தண்ணீரும் வேண்டும், காற்றும் வேண்டும். மரத்தின் ஈரம் அதன் உலர்ந்த எடையில் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சையால் எதுவும் செய்யமுடியாது. 30ஐத் தாண்டினால் கொண்டாட்டம். கம்பின் மேல்பகுதி மழையில் நனைந்தாலும் சீக்கிரம் காய்ந்துவிடுகிறது. ஆழத்தில் ஈரம் எப்போதும் உண்டு, ஆனால் ஆக்சிஜன் குறைவு. இரண்டும் சேர்ந்து கிடைப்பது கழுத்தில் மட்டும்தான். கரையானும் ஈர மண்ணை விட்டு அதிக தூரம் போக விரும்பாது என்பதால் அதே இடத்தில்தான் வேலையை ஆரம்பிக்கிறது.

இதோடு போனால் பரவாயில்லை. காற்று வேலியைத் தள்ளும்போது அதிக வளைவு விசை விழுவதும் அங்கேதான். ஒரு சதுர மீட்டர் மீது காற்று தரும் அழுத்தத்தைக் கணக்கிட நம் கட்டுமான விதிகளில் ஒரு எளிய சூத்திரம் இருக்கிறது: நொடிக்கு எத்தனை மீட்டர் வேகம் என்று பார்த்து, அதை வர்க்கப்படுத்தி, 0.6 ஆல் பெருக்கினால் நியூட்டனில் விடை வரும். மணிக்கு 120 கிலோமீட்டர் காற்றை எடுத்துக்கொள்வோம். 2018 நவம்பரில் டெல்டாவைப் புரட்டிப்போட்ட கஜா புயலில் அந்த வேகம் வீசியது. சதுர மீட்டருக்கு 667 நியூட்டன், அதாவது சுமார் 68 கிலோ எடை வருகிறது. ஆறடி உயரம், எட்டடிக்கு ஒரு தூண் என்று அடைத்துக் கட்டிய வேலியில் ஒவ்வொரு தூணும் கிட்டத்தட்ட 300 கிலோ தள்ளுதலைத் தாங்கவேண்டும். வேகம் பாதியானால் இது கால்வாசியாகிவிடும். ஆனால் புயல் நம்மைக் கேட்டு வீசுவதில்லை.

இந்த 300 கிலோவும் தூணைத் தரைமட்டத்தில்தான் முறிக்கப் பார்க்கிறது. மூன்றடி உயரத்தில் தூண் உணரும் வளைவு, தரைமட்டத்தில் உணர்வதில் நாலில் ஒரு பங்குதான். அப்புறம் இன்னொரு கணக்கு. உருண்டைக் கம்பின் வலிமை அதன் விட்டத்தின் மும்மடியைப் (விட்டம் × விட்டம் × விட்டம்) பொறுத்தது. நாலு அங்குலக் கம்பில் சுற்றிலும் அரை அங்குலம் மக்கினால் மிஞ்சுவது மூன்று அங்குலம், வலிமையோ பழையதில் 42 சதவீதம். பார்ப்பதற்குக் கம்பு நன்றாகவே நிற்கும். பாதிக்கு மேல் பலம் போனது முதல் பெருங்காற்றில்தான் தெரியும்.

டயமண்ட் வலை போட்டவர்களுக்கு இந்தக் காற்றுக் கவலை குறைவு, ஏனென்றால் வலைக்குள் காற்று புகுந்து போய்விடும். சிக்கல் எங்கே வருகிறது என்றால், மறைப்பு வேண்டுமென்று அதே வலையில் பச்சை நிழல்வலையை இறுக்கிக் கட்டும்போது. வெறும் கம்பிக்காக நட்ட தூண்கள் ஒரே நாளில் பாய்மரம் ஆகிவிடுகின்றன. நிழல்வலை கட்டிய வேலிகள் தெருவெங்கும் ஒரே பக்கமாகச் சாய்ந்து நிற்பதற்கு வேறு மர்மம் எதுவும் இல்லை. மறைப்பு போடுவதாக இருந்தால் தூணை நெருக்கமாக, ஆழமாக நடுவதை முன்கூட்டியே முடிவு செய்யவேண்டும்.

சரி, இரும்புக்கு வருவோம். ஜிஐ கம்பியின் மீதுள்ள துத்தநாகம் வெறும் பூச்சு இல்லை. ஈரத்தில் இரும்பும் துத்தநாகமும் ஒட்டியிருந்தால் எலெக்ட்ரானை எளிதில் விட்டுக்கொடுப்பது துத்தநாகம். அதனால் அது முதலில் கரைகிறது, இரும்பு தப்பிக்கிறது. கம்பியில் கீறல் விழுந்தாலும், வெட்டிய முனையிலும், ஓரிரு மில்லிமீட்டர் வரை பக்கத்துத் துத்தநாகம் காப்பாற்றும். பெயின்ட்டுக்கு இந்தத் திறமை கிடையாது. பெயின்ட்டில் கீறல் விழுந்தால் அதன் அடியிலேயே துரு பரவிவிடும்.

ஆனால் துத்தநாகம் கரைந்துகொண்டே இருப்பதால், எவ்வளவு இருக்கிறது என்பதே ஆயுள். கடையில் "ஜிஎஸ்எம்" என்று சொல்வது சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் துத்தநாகம் என்பதைத்தான். 70 கிராம் என்றால் சுமார் 10 மைக்ரான் கனம் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான்). கடலிலிருந்து தள்ளி, வறண்ட ஊரில், வருடத்துக்கு அரை மைக்ரான் அளவில்தான் தேயும். அலைச்சாரல் எட்டும் கரையோரத்தில் நாலு முதல் எட்டு மைக்ரான் வரை போகலாம். கோயம்புத்தூரில் இருபது வருடம் நின்ற கம்பி, ராமேஸ்வரத்தில் கடலைப் பார்த்த வீட்டில் இரண்டு வருடத்தில் சிவப்பது இதனால்தான். கடைக்காரர் கேஜைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார். ஜிஎஸ்எம் என்னவென்று நாம்தான் கேட்கவேண்டும். (கேஜ் எண் கூடினால் கம்பி மெலியும் என்பதையும், பிளாஸ்டிக் உறை போட்ட கம்பியில் சொல்லும் கனத்தில் உறையும் சேர்ந்திருக்கலாம் என்பதையும் நினைவில் வைப்பது நல்லது.)

இரும்பு ஆங்கிளைக் குழியில் நிறுத்திக் கான்கிரீட் போடும்போது, கான்கிரீட்டைத் தரைமட்டத்துக்குக் கீழேயே நிறுத்திவிட்டு மண்ணை மூடுவது வழக்கம். அங்கே தண்ணீர் தேங்கி, கழுத்தைத் தின்னும். இரண்டு அங்குலம் மேலே ஏற்றி, நாலு பக்கமும் சரிவாகப் பூசிவிட்டால் தண்ணீர் வழிந்து ஓடிவிடும். கொத்தனாருக்குப் பத்து நிமிட வேலைதான்.

அச்சில் வார்த்துக் கொண்டுவரும் ப்ரீகாஸ்ட் சிமெண்ட் தூணும் பலகையும் இப்போது எங்கும் தெரிகின்றன. கெட்டிதான், மறைப்பும் முழுமை. அதன் பலவீனம் உள்ளே இருக்கும் கம்பி. புதுக் கான்கிரீட் கடும் காரம், பி.எச். அளவு 12.5க்கு மேல். அந்தக் காரத்தில் கம்பியின் மேல் ஒரு மெல்லிய படலம் உருவாகித் துருவைத் தடுக்கிறது. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு மெல்ல உள்ளே நுழைந்து அந்தக் காரத்தைக் கொல்கிறது. அது கம்பியை எட்டியதும் துரு தொடங்கும். துரு இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்பதால் தூண் உள்ளிருந்தே வெடிக்கும். நல்ல செய்தி, இந்த நுழைவு காலத்தின் வர்க்கமூலத்தைப் போல் நகர்வது: 10 மில்லிமீட்டர் போக ஐந்து வருடம் என்றால், 20 மில்லிமீட்டர் போக இருபது வருடம். கம்பிக்கு மேல் ஒரு சென்டிமீட்டருக்குப் பதில் இரண்டு சென்டிமீட்டர் சிமெண்ட் இருந்தால் ஆயுள் நாலு மடங்கு. தூணின் வெட்டுமுகத்தைப் பார்த்தாலே கம்பி நடுவில் இருக்கிறதா, ஓரத்தில் எட்டிப் பார்க்கிறதா என்று தெரிந்துவிடும். உப்புத் தண்ணீரில் கலவை போட்ட தூணுக்கு இந்தக் கணக்கெல்லாம் பொருந்தாது. அதில் உப்பே அந்தப் படலத்தை உடைத்துவிடும்.

கல்லுக்கால் கிடைக்கிற ஊரில் இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். கருங்கல் மக்காது, துருப்பிடிக்காது, உள்ளே கம்பியும் இல்லை. வண்டி மோதினால் மட்டும் படக்கென்று முறியும், ஏனென்றால் கல் நசுக்குவதைத் தாங்கும் அளவுக்கு வளைப்பதைத் தாங்காது.

இவற்றுக்கெல்லாம் வெளியே நிற்பது உயிர்வேலி. காங்கேயம் பக்கத்துக் கொறங்காடுகளை (மேய்ச்சல் நிலங்களை) சுற்றி வளர்ந்திருக்கும் கிளுவை வேலியின் தண்டும் ஈரமண்ணில்தான் நிற்கிறது, ஆனால் மக்குவதில்லை. பட்டை காவல், உயிருள்ள கட்டைக்குள் தண்ணீர் நிறைந்திருப்பதால் பூஞ்சைக்குக் காற்றுப் பஞ்சம், காயம்பட்ட இடத்தைச் செல்களே பிசின் விட்டு அடைக்கின்றன. வருடம் ஆக ஆக மற்ற வேலிகளின் கழுத்து மெலியும், கிளுவையின் கழுத்து பருக்கும். குறை ஒன்று உண்டு: கோடையில் இலையை உதிர்த்துவிடும். ஆடு தாண்டாது, ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் பார்ப்பார்.

யாழ்ப்பாணத்து வளவுகளில் (வீட்டு மனைகளில்) இதற்கு ஒரு அழகான ஏற்பாடு இருந்தது. கிளுவை, பூவரசு, முள்முருக்கு என்று துளிர்க்கக்கூடிய கதியால்களை (வேலிக்கு நடும் பச்சைக் கம்புகளை) வரிசையாக நட்டு, அவற்றில் கிடுகையோ (முடைந்த தென்னங்கீற்று) பனையோலையையோ வைத்து அடைப்பார்கள். தாங்குகிற பாகத்துக்கு உயிர் இருந்தது. மறைக்கிற பாகம் இற்றுப்போனதும் மாற்றப்பட்டது, பழைய ஓலை வயலுக்கு எருவாகப் போனது. மதில்கள் வந்தபின் அந்த வேலை குறைந்துவிட்டது.

கதியால் வளர்க்கப் பொறுமை இல்லாதவர்களும் அதே பிரிவினையைப் பின்பற்றலாம். பணத்தைத் தூணில் போடுங்கள், கல்லோ, கனமாகச் சிமெண்ட் மூடிய நல்ல தூணோ. மறைப்புக்கு மூங்கில் தட்டியோ கீற்றோ போதும், இற்றால் மாற்றிக்கொள்ளலாம். தட்டியை மட்டும் மண்ணைத் தொடாமல் நாலு விரல் தூக்கிக் கட்டுங்கள். அந்த இடுக்கில் பக்கத்து வீட்டுக் கோழி நுழையத்தான் செய்யும். அடியில் ஒரு வரிசை செங்கல் அடுக்கினால் அதுவும் நின்றுவிடும்.