விடைத்தாளை ஏன் ஒளித்து வைக்கிறார்கள்?

ஆறாம் வகுப்புப் படிக்கும் பையன். கணக்கு விடைத்தாளை எட்டாக மடித்துப் பழைய ஷூவுக்குள் திணித்து வைத்திருந்தான். அது அம்மா கையில் அகப்பட மூன்று நாள் ஆனது. "பொய் சொல்லப் பழகிட்டான் மேடம்" என்றுதான் மனநல ஆலோசகரான என்னிடம் அழைத்து வந்தார். அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, வீட்டில் அடிப்பார்களா என்று அவனிடம் கேட்டேன். இல்லை என்று தலையாட்டினான். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னான்: "அப்பா திட்ட மாட்டாரு. சாப்பிடும்போது என்கூடப் பேச மாட்டாரு."

"நாங்க ஒண்ணுமே சொல்றதில்லையே" என்று பல பெற்றோர் வருத்தப்படுவார்கள். உண்மையாகவே சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் பிள்ளைகள் நம் முகத்தைப் படிப்பதில் கெட்டிக்காரர்கள். ஒரு பெருமூச்சே போதும்.

பரீட்சை நாள் காலையில் வயிறு வலிக்கிறது என்றால் நடிப்பு என்று ஒதுக்காதீர்கள். பயம் வந்தால் அட்ரினலின் சுரக்கும், நெஞ்சு படபடக்கும், செரிமானம் தடுமாறும். வலி நிஜம்தான். ஒருமுறை மருத்துவரிடம் காட்டி வேறு காரணம் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அப்புறம், அந்த வலி எந்தெந்த நாளில் வருகிறது என்று கவனியுங்கள்.

"படிச்சதெல்லாம் மறந்துபோச்சு" என்பதும் சாக்கு இல்லை. கணக்குப் போடும்போது எண்களை மனதில் நிறுத்தி வைக்கிற இடம் சின்னது. கவலை அதில் புகுந்துவிட்டால் கணக்குக்கு இடமிருக்காது. உளவியல் ஆய்வாளர்கள் ஜெரார்டோ ரமிரெஸும் சியான் பைலாக்கும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், பரீட்சைக்கு முன் 10 நிமிடம் தங்கள் பயத்தைத் தாளில் எழுதிய மாணவர்கள், முக்கியமாக அதிகம் பதறுகிறவர்கள், மேலும் நன்றாகச் செய்தார்கள். என்னிடம் வரும் பிள்ளைகளிடமும் எழுதச் சொல்கிறேன். எழுதியதை யாரும் படிக்கக் கூடாது, கிழித்துப் போடலாம்.

தூக்கத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். 6 முதல் 12 வயதுப் பிள்ளைக்குக் குறைந்தது 9 மணி நேரம் வேண்டும், பரீட்சைக்கு முந்தைய இரவிலும்.

அந்தப் பையனின் விடைத்தாளை மேசையில் நீவி விரித்து, சிவப்பு மை பட்ட இடங்களை ஒவ்வொன்றாக இருவரும் பார்த்தோம். தெரியாத கணக்கு இரண்டுதான், இரண்டும் பின்னம். மூன்றில் கூட்டல் பிழை. கடைசிப் பக்கம் நேரமில்லாமல் காலி. "நான் கணக்குல மக்கு" என்று வந்தவன், "பின்னம் மட்டும்தான் புரியல" என்று சொல்லிவிட்டுப் போனான். மக்கு என்பதற்கு யாராலும் எதுவும் செய்ய முடியாது. பின்னத்தைச் சொல்லித்தரலாம்.

அவன் அப்பாவிடம் நான் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: மார்க் வந்த அன்று இரவு, வேறு எதைப் பற்றியாவது அவனோடு பேசிக்கொண்டே சாப்பிடுங்கள். எந்தக் கணக்கு தவறியது என்பதை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.

வாரக்கணக்கில் தூக்கமோ சாப்பாடோ குறைந்தாலும், பள்ளிக்கே போக மாட்டேன் என்று அடம் பிடித்தாலும் மனநல ஆலோசகரைப் பாருங்கள். "நான் இல்லாமலே போயிருக்கலாம்" என்று பிள்ளை ஒருமுறை சொன்னாலும், கோபத்தில் சொன்னது என்று விட்டுவிடாதீர்கள். அன்றைக்கே அழைத்து வாருங்கள், அதுவரை தனியாக விடாதீர்கள்.