தொங்கி வளர்ந்த கடல் அல்லிகள்

காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலோரமாகவே நடந்தாலும் ஒரு கடல் அல்லிப் புதைபடிவம்கூடக் காலில் தட்டாது. அலையைத் தடுக்கக் கொட்டிய பாறைகள், தூண்டில் வளைவுகள் எல்லாம் கருங்கல். பூமிக்கடியில் வெந்து உருவான அந்தக் கல்லில் உயிரின் தடம் தங்காது. சமையல் மேடையிலும் வாசற்படியிலும் பதித்திருக்கும் கடப்பா கல் கடலடியில் படிந்ததுதான். ஆனால் அது படிந்த காலத்தில் கடல் அல்லி என்ற உயிரினமே உலகில் இல்லை. காலுக்கடியில் கிடப்பதோ கொசஸ்தலை ஆறும் கடலும் கொண்டுவந்து போட்ட மணல். நிலவியல் கணக்கில் அது நேற்று வந்தது.

இருந்தும், உலகின் மிக நீளமான கடல் அல்லிகள் எப்படி அவ்வளவு வளர்ந்தன என்பது வடசென்னைக்காரர்களுக்குச் சட்டென்று பிடிபடும். மிதக்கும் கட்டையைப் பார்த்துப் பழகியவர்கள் நாம்.

முதலில் ஆளைப் பற்றிக் கொஞ்சம். கடல் அல்லி பூச்செடி மாதிரித் தெரியும் விலங்கு. அறிவியல் பெயர் கிரினாய்டு. நட்சத்திர மீனுக்கும் கடல் முள்ளெலிக்கும் பங்காளி. அடியில் தண்டு, தண்டின் உச்சியில் ஒரு கிண்ணம், கிண்ணத்தைச் சுற்றிக் கைகள். நீரில் மிதந்து வரும் நுண்ணுயிர்களைக் கைகள் பிடித்து வாய்க்கு அனுப்பும். சுமார் 48 கோடி ஆண்டுகளாக இந்தக் குடும்பம் இருக்கிறது. இன்றும் 600 இனங்கள் போல உயிரோடு உண்டு. அவற்றில் பெரும்பாலானவை சிறுவயதிலேயே தண்டை விட்டுவிட்டு இறகு நட்சத்திரங்களாகத் திரிபவை. தண்டுள்ளவை ஆழ்கடலுக்குப் போய்விட்டன. அவற்றின் தண்டு ஒரு மீட்டரைத் தொட்டாலே பெரிது. இவை நட்ட இடத்தில் அசையாமல் நிற்பவை என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். பஹாமா தீவுகளுக்கு அருகே ஒரு கடல் அல்லி கைகளை ஊன்றித் தவழ்ந்து போகும் படத்தை 2005-இல் ஆய்வாளர்கள் காட்டியபோதுதான் அந்த எண்ணம் ஆட்டம் கண்டது.

புதைபடிவம் தேடுகிறவர்கள் கையில் முழு விலங்கு சிக்குவது அபூர்வம். கிடைப்பதெல்லாம் நடுவில் துளையுள்ள சிறு சுண்ணாம்பு வட்டுகள். தண்டு என்பதே இந்த வட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, தசைநார்களால் கட்டிய தூண். உயிர் போய்ச் சில நாட்களில் நார் அழுகும், வட்டுகள் உதிரும், நீரோட்டம் அவற்றை வாரிக்கொண்டு போகும். அமெரிக்காவின் மிசௌரி, அயோவா பக்கம் பல மீட்டர் கனத்துக்கு இப்படி உதிர்ந்த துண்டுகளே பாறையாகி நிற்கின்றன. அவ்வளவு கடல் அல்லிகள் வாழ்ந்த இடத்திலும் முழுசாக ஒன்று கிடைப்பது பெரிய பாடு.

ஆக, பெரிய கடல் அல்லிப் புதைபடிவம் வேண்டுமென்றால் இரண்டு காரியங்கள் சேர வேண்டும். விலங்கு நீளமாக வளர வேண்டும், செத்த பிறகு அதை யாரும் கலைக்கக் கூடாது. இரண்டும் ஒரே காரணத்தால் நடந்த இடங்கள் உண்டு என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம்.

கடலடியில் ஊன்றி நிற்கும் தண்டுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. நீளம் கூடக் கூட நீரோட்டம் அதை வளைக்கும் விசை அடிப்பகுதியில் ஏறிக்கொண்டே போகும். அடுக்கிய வட்டுகள் வளைவைத் தாங்குவதில் அவ்வளவு கெட்டி இல்லை. அதே தண்டைத் தலைகீழாகத் தொங்கவிட்டால் கதை மாறுகிறது. வளைவு போய் இழுவிசை மட்டும் மிச்சம். இழுவையைத் தாங்கத்தான் நார் இருக்கிறதே!

மழைக்காலத்தில் எண்ணூர்க் கரையில் ஒதுங்கும் கட்டைகளின் அடியில் கொட்டலசுகள், அதாவது ஓட்டோடு ஒட்டி வாழும் சிறு கடலுயிர்கள், கொத்துக் கொத்தாகத் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். 18 கோடி ஆண்டுகளுக்கு முன், இன்றைய தெற்கு ஜெர்மனி கடலுக்கடியில் இருந்த காலத்தில், செய்ரோக்ரைனஸ் என்ற கடல் அல்லி அப்படித்தான் மிதக்கும் மரங்களில் தொங்கியது. தண்டின் நீளம் 20 மீட்டர் வரை போயிருக்கிறது. ஹோல்ட்ஸ்மாடன் ஊரில் உள்ள ஹௌஃப் அருங்காட்சியகத்தின் சுவரில், ஒரே மரத்தில் ஒட்டியிருந்த கூட்டம் 100 சதுர மீட்டர் அளவுக்குக் கல்லாகப் பரந்து கிடக்கிறது.

ஒரு கட்டை அத்தனை காலம் மிதக்குமா? இன்று மிதக்காது. மரத்தைத் துளைத்துத் தின்னும் சிப்பியினங்கள் என்ன பாடு படுத்தும் என்று மரப்படகு வைத்திருந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அந்தச் சிப்பிகள் அன்று இன்னும் தோன்றவில்லை. அதனால் ஒரு கட்டை 10 ஆண்டுகளுக்கு மேல், ஒருவேளை 20 ஆண்டுகள் வரைகூட மிதந்திருக்கலாம் என்று 2020-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. கடல் அல்லிக்கு வளர அவகாசம் கிடைத்தது. கடைசியில் நீர் ஊறி, சுமையும் ஏறி, கட்டை மூழ்கியது. மூழ்கிய இடத்துச் சேற்றில் ஆக்சிஜன் இல்லை. நண்டு, புழு எதுவும் அங்கே வாழவில்லை, கலைக்க ஆள் இல்லை. மேலே மிதந்ததால் மட்டுமே வாழ முடிந்த உயிர், கீழே எதுவும் வாழ முடியாத காரணத்தால் முழுசாகத் தப்பியது.

மொராக்கோவில் கிடைக்கும் ஸ்கைஃபோக்ரைனைட்டஸ் என்ற கடல் அல்லி இன்னும் பழையது, சுமார் 42 கோடி ஆண்டு. இதற்குக் கட்டைகூடத் தேவைப்படவில்லை. தண்டின் நுனியில் அறைகள் கொண்ட உருண்டை ஒன்று இருக்கும். அதையே மிதவையாக வைத்துக்கொண்டு தலைகீழாகத் தொங்கியது என்பதுதான் பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து.

சரி, தேடுவது எப்படி? கெட்டியான சுண்ணாம்புக்கல்லில் உதிரி வட்டுகள்தான் நிறைய இருக்கும். முழுசாக வேண்டுமென்றால் ஏடு ஏடாகப் பிரியும் கறுத்த சேற்றுப்பாறையைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு வட்டும் கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமத்தின் ஒற்றைப் படிகம் என்பதால் உடைந்த முகம் வழவழப்பாக இருக்கும். சாய்வான வெயிலில் கண்ணாடித் துண்டு மாதிரி மின்னும். தண்டு ஒன்று தெரிந்தால் எந்தப் பக்கம் தோண்டுவது என்ற கேள்வி வரும். புது வட்டுகள் கிண்ணத்துக்குச் சற்றுக் கீழேதான் முளைக்கும். அதனால் அந்தப் பக்கத்து வட்டுகள் மெல்லியதாக, நெருக்கமாக, பெரிதும் சிறிதுமாக மாறி மாறி இருக்கும். அந்த நெருக்கம் கூடும் திசையில் போனால் கைகள் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

கண்டதும் பிடுங்கக் கூடாது. அளவுகோல் வைத்துப் படம் எடுத்து, விரிசல் விட்ட ஒவ்வொரு துண்டுக்கும் எண் போட்டு, கிடந்த வரிசையை வரைந்துகொள்ள வேண்டும். பாறை பொடிகிறது என்றால் மேலே ஈரக் காகிதம், அதன் மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் நனைத்த சாக்குத்துணி என்று மாவுக்கட்டு போட்டு, சுற்றிலும் வெட்டி, பலகையோடு தூக்க வேண்டும். சேற்றில் அமிழ்ந்திருந்த பக்கம்தான் நன்றாகத் தப்பியிருக்கும் என்பதால் ஹோல்ட்ஸ்மாடனில் கற்பலகையைப் புரட்டி அடிப்பக்கத்தைச் சுத்தம் செய்கிறார்கள். வீட்டில் செய்பவர்களுக்கு ஊசி, பூதக்கண்ணாடி, பொறுமை. எலுமிச்சை, வினிகர் பக்கமே போக வேண்டாம். பாறைக்கு முன்னால் கடல் அல்லி கரைந்துவிடும்.

நமக்குக் கிட்டத்தில் கடல் புதைபடிவம் பார்க்க அரியலூர், பெரம்பலூர் பக்கம் போக வேண்டும். எழும்பூரில் ரயில் ஏறினால் அரைநாளுக்குள் போய்விடலாம். நத்தைச் சுருள் போன்ற அம்மோனைட்டுகள், கடல் முள்ளெலிகள், சிப்பிகள் அங்கே ஏராளம். 20 மீட்டர் கடல் அல்லியை எதிர்பார்த்துப் போகாதீர்கள். காரை கிராமத்துப் படிவுகள் தேசிய நிலவியல் நினைவுச்சின்னம். அங்கே பார்க்கலாம், எடுக்கக் கூடாது. சுண்ணாம்புச் சுரங்கங்களுக்குள் போக உரியவர்களின் அனுமதி வேண்டும்.

இணையத்தில் விற்பனைக்கு வரும் பெரிய கடல் அல்லிக் கற்பலகைகள் பெரும்பாலும் மொராக்கோ சரக்கு. மூன்று நான்கு விலங்கின் துண்டுகளை ஒட்டி ஒன்றாக்கியதும், பாதித் தண்டைப் பசையில் வார்த்து வண்ணம் பூசியதும் அதில் கலந்திருக்கும். சாய்வாக டார்ச் அடித்துப் படம் அனுப்பச் சொல்லுங்கள். உடைந்த இடங்களில் படிக மினுக்கம் தெரிகிறதா, வட்டுகளின் கனம் கிண்ணத்தை நோக்கி மெலிந்துகொண்டே போகிறதா என்று பாருங்கள். தண்டு முழுக்க ஒரே கனத்தில், ஒரே நிறத்தில், மினுக்கமே இல்லாமல் இருந்தால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளலாம்.