பல்லுக்கு கிளிப் போடும் முன் உயரத்தையும் பாருங்கள்

கீழ்த்தாடை முன்னே தள்ளியிருக்கிறது, பால் பற்கள் இன்னும் விழவில்லை என்று பெற்றோர் பிள்ளைகளைப் பல் மருத்துவரான என்னிடம் அழைத்து வருவார்கள். பெரும்பாலும் அது குடும்பச் சாடைதான். அப்பாவுக்கோ தாத்தாவுக்கோ அதே தாடை இருக்கும். மிக அரிதாகச் சில பிள்ளைகளுக்குக் காரணம் வாயில் இல்லை. மூளையின் அடியில், பட்டாணி அளவே உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் இருக்கிறது. அங்கே வரும் கட்டிகள் பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. ஆனால் வளரும் வயதில் வந்தால் முகத்தின் போக்கையே மாற்றிவிடும்.

அந்தக் கட்டி, வளர்ச்சி ஹார்மோனை மிகையாகச் சுரந்தால் பிள்ளை மளமளவென்று உயரும். கீழ்த்தாடை மூட்டின் முனையிலுள்ள குருத்தெலும்பு இந்த ஹார்மோனுக்கு வேகமாக வளரும். மேல்தாடையால் ஈடுகொடுக்க முடியாமல் கீழ்ப்பற்கள் முந்திக்கொள்ளும். நாக்கு தடிக்கும், பற்களுக்கிடையே சந்து விழும். சுரப்பியை அழுத்தும் கட்டியென்றால் நேர்மாறு. ஹார்மோன் குறைந்து உயரம் நிற்கும், தாடை சிறுத்திருக்கும், பற்கள் தாமதமாக முளைத்து நெருக்கியடிக்கும். பத்து வயதுப் பிள்ளையின் முகம் ஆறு வயது போலத் தோன்றும்.

எனக்கு அதிக வேதனை தருவது மூன்றாவது வகை. கட்டியின் தூண்டுதலால் உடலில் கார்டிசோல் என்ற ஹார்மோன் பெருகி, முகம் உருண்டு கன்னம் சிவக்கும். வீட்டிலும் பள்ளியிலும் 'தின்று தின்று பெருத்துவிட்டது' என்று அந்தப் பிள்ளையைக் குறை சொல்வார்கள். சாப்பாட்டால் பருக்கும் பிள்ளைகள் வழக்கமாக உயரத்தில் பின்தங்குவதில்லை. எடை ஏறிக்கொண்டே போய் உயரம் மட்டும் நின்றுவிட்டால், ஹார்மோன் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும்.

தாடை சிகிச்சைக்கு முன் நாங்கள் எடுக்கும் பக்கவாட்டு எக்ஸ்ரேயில், பிட்யூட்டரி அமர்ந்திருக்கும் எலும்புக் குழியின் நடுவில் 'எஸ்' என்று ஒரு புள்ளி வைப்போம். மற்ற அளவுகள் பலவும் அதிலிருந்துதான் தொடங்கும். புள்ளி வைக்கும் கண் குழியின் சுவரையும் பார்க்க வேண்டும். அது விரிந்தோ அரித்தோ தெரிந்தால் கிளிப்பை நிறுத்திவைத்து, பிள்ளையை ஹார்மோன் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். குழி சரியாக இருந்தாலும் கட்டி இல்லையென்று ஆகிவிடாது. சிறிய கட்டிகள் எம்ஆர்ஐ ஸ்கேனில்தான் தெரியும். ஆகவே பள்ளியில் எடுத்த உயரக் குறிப்புகளையும் ஆண்டுவாரியான புகைப்படங்களையும் கொண்டுவரச் சொல்கிறேன். தலைவலி, பார்வை மங்கல், அடங்காத தாகம் இருந்தால் தாமதமே கூடாது.

கட்டிக்குச் சிகிச்சை பெற்றாலும் வளர்ந்த எலும்பு சுருங்காது. ஹார்மோன் கட்டுக்குள் வந்த பிறகே தாடை அறுவை சிகிச்சை. அவசரப்பட்டால் தாடை மீண்டும் வளர்ந்து செய்ததெல்லாம் வீணாகும். கட்டியை அகற்றிய அறுவைக்குப் பின் ஸ்டீராய்டு மாத்திரை எடுக்கும் பிள்ளையென்றால், ஒரு பல்லைப் பிடுங்குவதாக இருந்தாலும் பல் மருத்துவரிடம் அதை முதலிலேயே சொல்லுங்கள். மாத்திரையின் அளவைக் கூட்ட வேண்டுமா என்று ஹார்மோன் மருத்துவரிடம் கேட்டுத்தான் கை வைப்போம்.