மைக்கைப் பிடுங்கியது யார் கை? அமெரிக்க டிவி நகைச்சுவையும் பேச்சுரிமைச் சட்டமும்

அமெரிக்க டிவியில் இரவு நிகழ்ச்சி நடத்தும் நகைச்சுவையாளர் ஒருவர் அரசியல் பேசி மாட்டிக்கொள்வார், நிகழ்ச்சி நிற்கும். உடனே இரண்டு கூட்டம் கிளம்பும். “பேச்சுரிமை போச்சு” என்று ஒரு கூட்டம். “சம்பளம் கொடுக்கிற கம்பெனி வேண்டாம் என்றது, இதில் உரிமை எங்கே வந்தது?” என்று இன்னொரு கூட்டம். இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் சட்டம் வேறொரு இடத்தில் தொடங்குகிறது. அவர் என்ன பேசினார் என்பதற்கு முன்பே, நிறுத்தச் சொன்னது யார் என்று அது கேட்கிறது.

1791இல் அமெரிக்க அரசியல் சாசனத்தில் சேர்ந்த முதல் திருத்தத்தின் முதல் வார்த்தையே ‘காங்கிரஸ்’, அதாவது அந்நாட்டு நாடாளுமன்றம். பேச்சுச் சுதந்திரத்தையும் பத்திரிகைச் சுதந்திரத்தையும் குறைக்கும் சட்டம் எதையும் அது இயற்றக் கூடாது. குடிமகனைக் கூப்பிட்டு “உனக்குப் பேச உரிமை தந்தோம்” என்று அந்த வாசகம் சொல்வதில்லை. அரசைப் பார்த்து “கையை வைக்காதே” என்கிறது. பின்னாளில் நீதிமன்றங்கள் அந்தத் தடையை மாநில அரசுகளுக்கும் உள்ளாட்சிகளுக்கும் அவற்றின் அதிகாரிகளுக்கும் நீட்டின. தனியார் கம்பெனிக்கு நீட்டவில்லை.

அதனால்தான் 2018 மே மாதம் நகைச்சுவை நடிகை ரோசேன் பார் ட்விட்டரில் போட்ட இனவெறிப் பதிவு ஒன்றுக்காக, ஏபிசி டிவி நிறுவனம் அவருடைய தொடரை அன்றைக்கே ரத்து செய்தபோது முதல் திருத்தத்துக்கு அங்கே வேலையே இல்லை. கம்பெனி பேசச் சொன்னது, கம்பெனி போகச் சொன்னது. அவ்வளவுதான்.

சரி, கம்பெனியிடம் நகைச்சுவையாளருக்குப் பிடிமானமே கிடையாதா? உண்டு. அது அரசியல் சாசனத்தில் இல்லை, அவர் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் இருக்கிறது. வியட்நாம் போர்க் காலத்தில் நகைச்சுவை ஜோடியான ஸ்மதர்ஸ் சகோதரர்களின் நிகழ்ச்சியில் சிபிஎஸ் டிவி ஓயாமல் கத்தரி போட்டது. 1969இல் நிகழ்ச்சியையே நிறுத்தியது. சகோதரர்கள் வழக்குப் போட்டு 1973இல் 7,76,300 டாலர் வாங்கினார்கள். பேச்சுரிமை பறிபோனதற்கு அல்ல, ஒப்பந்தத்தை மீறியதற்கு. இந்த வித்தியாசம் வக்கீல்களுக்கு மட்டும் உரிய நுணுக்கம் என்று நினைக்க வேண்டாம். காசு கைக்கு வந்தது அந்த வாசல் வழியாகத்தான்.

கம்பெனி மட்டும்தான் விஷயம் என்றால் இத்துடன் முடித்துவிடலாம். ஆனால் அமெரிக்க டிவிக்குப் பின்னால் ஒரு சங்கிலி இருக்கிறது. ஏபிசி, சிபிஎஸ், என்பிசி என்று நாம் சொல்பவை நெட்வொர்க்குகள். நிகழ்ச்சியைத் தயாரித்தோ வாங்கியோ கொடுப்பவை. அதை ஊர் ஊராக வானலையில் விடுவது உள்ளூர் நிலையங்கள். சில நிலையங்கள் நெட்வொர்க்குக்கே சொந்தம். பெரும்பாலானவை நெக்ஸ்டார், சின்க்ளேர் போன்ற வேறு குழுமங்களின் கையில், நெட்வொர்க்குடன் ஒப்பந்தத்தில் ஓடுபவை. வானலை பொதுச் சொத்து என்பதால் ஒவ்வொரு நிலையத்துக்கும் லைசென்ஸ் வேண்டும். அதை எட்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துத் தருவது மத்திய தகவல்தொடர்பு ஆணையம், அதாவது எஃப்சிசி. ‘ஏபிசியின் லைசென்ஸைப் பறிப்போம்’ என்று அரசியல்வாதிகள் முழங்கும்போது கவனியுங்கள்: நெட்வொர்க்குக்கு லைசென்ஸ் என்று ஒன்று கிடையாது. அது வைத்திருக்கும் நிலையங்களுக்குத்தான் உண்டு.

நெட்வொர்க் தரும் நிகழ்ச்சி தன் ஊருக்குப் பொருந்தாது, பொதுநலனுக்கு ஆகாது என்று நினைத்தால் நிலையம் அதை ஒதுக்கிவிட்டு வேறு நிகழ்ச்சி போடலாம். இதற்கு ஆணையத்தின் விதியிலேயே இடம் உண்டு. ஒப்பந்தம் போட்டு அந்த உரிமையைப் பிடுங்க நெட்வொர்க்கால் முடியாது.

ஆணையத்தின் அதிகாரத்துக்கும் வேலி உண்டு. 1934ஆம் ஆண்டுத் தகவல்தொடர்புச் சட்டத்தின் 326ஆவது பிரிவு, ஒலிபரப்பில் தணிக்கை செய்யும் அதிகாரம் ஆணையத்துக்குக் கிடையாது என்று வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறது. ஆனால் அதே சட்டம், நிலையங்கள் ‘பொதுநலனுக்காக’ இயங்க வேண்டும் என்றும் சொல்கிறது. ரப்பர் மாதிரி இழுபடும் சொல் அது. நடக்கிற சண்டையெல்லாம் அந்த ரப்பரை யார், எவ்வளவு தூரம் இழுக்கலாம் என்பதில்தான்.

ஆணையம் உண்மையிலேயே கை வைக்கக்கூடிய இடங்களில் முதலாவது அநாகரிகப் பேச்சு. 1973 அக்டோபர் 30 அன்று, பட்டப்பகல் இரண்டு மணிக்கு, நியூயார்க் வானொலி நிலையம் ஒன்று ஜார்ஜ் கார்லினின் நகைச்சுவைப் பேச்சை ஒலிபரப்பியது. டிவியிலும் ரேடியோவிலும் சொல்லக் கூடாத வார்த்தைகள் எவை என்பதுதான் பேச்சின் பொருளே. எனவே அவற்றை அடுக்கடுக்காகச் சொல்கிறார். மகனுடன் காரில் போய்க்கொண்டிருந்த ஒருவர் கேட்டுவிட்டுப் புகார் எழுதினார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1978இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் ஆணையம் வென்றது. அந்த வழியில் வந்ததுதான் இன்றைய நடைமுறை. குழந்தைகள் கேட்கக்கூடிய நேரமான காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை அநாகரிகப் பேச்சுக்குத் தடை, அதன் பிறகு தளர்வு. அந்தத் தீர்ப்பில் பலர் கவனிக்காமல் விடும் வரி ஒன்று உண்டு. ஆணையம் இந்தப் பேச்சை ஆட்சேபித்ததற்குக் காரணம் அதன் அரசியல் கருத்து என்று தெரிந்திருந்தால், கதை வேறாகியிருக்கலாம் என்கிறார் தீர்ப்பெழுதிய நீதிபதி. வார்த்தையைத் தொடலாம், கருத்தைத் தொட்டால் கோடு தாண்டியதாகும்.

2017இல் இது கண்முன்னே நடந்தது. சிபிஎஸ்ஸில் இரவு நிகழ்ச்சி நடத்திய ஸ்டீபன் கோல்பேர், டிரம்பையும் புதினையும் சேர்த்து ஒரு கொச்சையான ஜோக் அடித்தார். ஆணையத்துக்குப் புகார்கள் குவிந்தன. விசாரித்துப் பார்த்தால், நிகழ்ச்சி ஒளிபரப்பானது இரவு பதினொன்றரைக்கு மேல், அந்த வார்த்தைக்கு மேலே ‘பீப்’ ஒலி, உதட்டின் மேல் மங்கல். நடவடிக்கைக்கு ஒன்றும் இல்லை என்று ஆணையம் கோப்பை மூடியது. அதிபரைக் கேலி செய்தது தப்பா என்ற பேச்சே எழவில்லை, எழவும் கூடாது.

இரண்டாவது, சமவாய்ப்பு விதி. 315ஆவது பிரிவு. இதைப் போலத் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட விதி வேறு இல்லை என்பேன். “என்னை ஒரு மணி நேரம் கிண்டல் செய்தான், எனக்கும் ஒரு மணி நேரம் கொடு” என்று கேட்க அதில் இடமில்லை. தேர்தல் வேட்பாளர் தானே திரையில் தோன்றினால்தான், போட்டி வேட்பாளர்கள் ஒரு வாரத்துக்குள் கேட்டு அதற்கு ஈடான நேரம் பெறலாம். 2024 நவம்பர் 2 அன்று கமலா ஹாரிஸ் என்பிசியின் சனிக்கிழமை இரவு நகைச்சுவை நிகழ்ச்சியில் தலைகாட்டினார். மறுநாளே கார் பந்தய ஒளிபரப்பில் டிரம்ப் தரப்புக்கு என்பிசி இலவச நேரம் கொடுத்தது. நகைச்சுவையாளரே வேட்பாளரானாலும் இதே கதிதான். 1972இல் அதிபர் தேர்தல் களத்தில் குதித்த பேட் பால்சன், ‘நான் நடிக்கத்தானே வருகிறேன், பிரசாரத்துக்கு இல்லையே’ என்று வாதாடிப் பார்த்தார். நீதிமன்றம் ஒப்புக்கொள்ளவில்லை. செய்திப் பேட்டிகளுக்கு விதிவிலக்கு உண்டு; 2006இல் ஜே லெனோ நிகழ்ச்சியின் பேட்டிப் பகுதியை ஆணையம் அந்த விலக்கில் சேர்த்தது. அதை நம்பித்தான் இரவு நிகழ்ச்சிகள் இத்தனை வருடம் வேட்பாளர்களைத் தாராளமாகக் கூப்பிட்டன. 2026 ஜனவரியில் ஆணையம் அந்த நம்பிக்கையில் கல்லெறிந்தது: எல்லா டாக் ஷோவும் தானாக விலக்கில் வந்துவிடும் என்று எண்ண வேண்டாம் என்றது.

அவதூறு வழக்கு? அதில் பொதுவாழ்வில் இருப்பவர் ஜெயிப்பது கஷ்டம். பொய் என்று தெரிந்தே சொன்னதாகவோ, உண்மையா பொய்யா என்ற அக்கறையே இல்லாமல் சொன்னதாகவோ நிரூபிக்க வேண்டும். கேலி என்று பார்த்தாலே தெரியும் பேச்சுக்குப் பாதுகாப்பு இன்னும் பலம். மதபோதகர் ஜெர்ரி ஃபால்வெல்லை அருவருப்பாகக் கிண்டல் செய்த பத்திரிகை ஒன்றுக்குச் சாதகமாக 1988இல் உச்ச நீதிமன்றம் ஒரே குரலில் தீர்ப்பளித்தது. மனம் புண்பட்டது என்பது மட்டும் போதாது.

இனி சிக்கலான இடத்துக்கு வருவோம். அரசு நேராகத் தடை போடாமல், கம்பெனியின் தோளில் கை போட்டு அழுத்தினால்?

2025 செப்டம்பரில் நடந்ததை நாள்வாரியாகப் பார்த்தால் விளங்கும். 10ஆம் தேதி யூட்டா மாநிலத்தில், டிரம்ப் ஆதரவுப் பேச்சாளரான சார்லி கிர்க் சுட்டுக் கொல்லப்பட்டார். 15ஆம் தேதி ஜிம்மி கிம்மல் தன் ஏபிசி நிகழ்ச்சியில், கொலையாளி தங்கள் கூட்டத்தைச் சேர்ந்தவனல்ல என்று காட்ட டிரம்ப் ஆதரவாளர்கள் படாத பாடு படுகிறார்கள் என்ற பொருளில் பேசினார். 17ஆம் தேதி ஆணையத் தலைவர் பிரெண்டன் கார் ஒரு பாட்காஸ்டில், இதைச் சுலபமான வழியிலும் செய்யலாம், கடினமான வழியிலும் செய்யலாம் என்றார். நிலையங்களின் லைசென்ஸையும் பேச்சில் இழுத்தார். அன்று மாலையே நெக்ஸ்டார் தன் நிலையங்களில் கிம்மலை நிறுத்துவதாக அறிவித்தது. சிறிது நேரத்தில் ஏபிசி காலவரையின்றி இடைநீக்கம் செய்தது. சின்க்ளேரும் சேர்ந்துகொண்டது. இரண்டு குழுமங்களுக்கும் சேர்த்து ஏபிசி நிகழ்ச்சிகளைத் தரும் 60க்கும் மேற்பட்ட நிலையங்கள். அந்த நேரத்தில் நெக்ஸ்டார், டெக்னா என்ற இன்னொரு நிலையக் குழுமத்தை 620 கோடி டாலருக்கு வாங்க ஆணையத்தின் ஒப்புதலுக்காகக் காத்திருந்தது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

தான் யாரையும் மிரட்டவில்லை, உள்ளூர் நிலையங்கள் தாமாக எடுத்த முடிவு அது என்பது பிரெண்டன் காரின் பதில். ஆணையம் தன்னிடம் ஒன்றும் சொல்லவில்லை என்றது நெக்ஸ்டார். ஆனால் காரின் சொந்தக் கட்சிக்காரரான செனட்டர் டெட் குரூஸே, இது மாஃபியா கும்பல் பேசுகிற பேச்சு, ஆபத்தானது என்று சொல்லிவிட்டார். 23ஆம் தேதி கிம்மல் திரும்பினார். இரண்டு குழுமங்களும் 26ஆம் தேதிதான் இறங்கி வந்தன.

இந்த மாதிரி மறைமுக அழுத்தத்துக்குச் சட்டத்தில் பதில் ஏற்கெனவே இருக்கிறது. ரோட் ஐலண்ட் மாநில ஆணையம் ஒன்று சில புத்தகங்களை ‘ஆட்சேபத்துக்குரியவை’ என்று விநியோகஸ்தர்களுக்குக் கடிதம் எழுதியது. தடை உத்தரவு கிடையாது, வெறும் கடிதம். ஆனால் பின்னாலேயே போலீஸ்காரர் வந்து “என்ன செய்தீர்கள்?” என்று விசாரிப்பார். இதுவும் தணிக்கைதான் என்று 1963இல் சொன்னது உச்ச நீதிமன்றம். 2024இல் துப்பாக்கி ஆதரவு அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில், ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அதை மறுபடி உறுதி செய்தார்கள். அதிகாரி தன் கருத்தைச் சொல்லலாம், கண்டிக்கலாம், கேட்டுக்கொள்ளவும் செய்யலாம். தனக்குப் பிடிக்காத பேச்சை அடக்க மூன்றாம் ஆளை மிரட்டக் கூடாது. எது மிரட்டல் என்று பார்க்க நான்கு விஷயங்களைக் கவனிக்கிறார்கள்: சொன்ன வார்த்தையும் தொனியும், சொன்னவருக்கு நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் உண்டா, கேட்டவர் அதை மிரட்டலாக எடுத்துக்கொண்டாரா, இணங்காவிட்டால் விளைவு வரும் என்ற பேச்சு வந்ததா. கிம்மல் விவகாரத்தை இந்த நான்கிலும் வைத்துப் பார்த்தால், நான்கில் குறைந்தது மூன்று தேறும் என்பது என் கணக்கு.

அப்புறம் ஏன் வழக்கு வரவில்லை? இங்கேதான் இந்த உரிமையின் ஓட்டை. அழுத்தம் வந்து விழுவது கம்பெனியின் மேல். வாய் மூடப்படுவது நகைச்சுவையாளருக்கு. கோர்ட்டுக்குப் போகப் பணமும் காரணமும் உள்ள கம்பெனிக்கு, அதே ஆணையத்திடம் வேறு காரியம் ஆக வேண்டியிருக்கும். 2025 ஜூலையில் சிபிஎஸ்ஸின் தாய் நிறுவனமான பாரமவுண்ட், டிரம்ப் போட்ட வழக்கை முடிக்க 1.6 கோடி டாலர் கொடுத்ததைத் தன் நிகழ்ச்சியிலேயே ‘லஞ்சம்’ என்றார் கோல்பேர். சில நாளில் அவருடைய நிகழ்ச்சி அடுத்த மே மாதத்தோடு முடியும் என்று அறிவிப்பு வந்தது. இது முழுக்க நிதிநிலை சார்ந்த முடிவு என்றது சிபிஎஸ். அடுத்த வாரம், பாரமவுண்ட் கைமாறுவதற்கு ஆணையம் ஒப்புதல் கொடுத்தது. இரவு நிகழ்ச்சிகளின் விளம்பர வருமானம் சரிந்துவருவதும் உண்மை. அதனால் இரண்டுக்கும் முடிச்சுப் போட்டு நிரூபிப்பது கடினம். நிரூபிக்காமல் வழக்கு நிற்காது.

வீட்டில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு என்ன செய்ய முடியும்? ஆணையத்தின் தளத்தில் இலவசமாகப் புகார் கொடுக்கலாம். ‘எனக்குப் பிடிக்காத அரசியல் பேசினார்’ என்ற புகாரை வைத்து நடவடிக்கை எடுக்க ஆணையத்துக்கு அதிகாரமில்லை. நேரம், சேனல், சொன்ன வார்த்தை என்று விவரமாக எழுதப்பட்ட அநாகரிகப் புகாருக்குத்தான் வழி. லைசென்ஸ் புதுப்பிக்கும் சமயத்தில் உள்ளூர் நேயர் முறைப்படி ஆட்சேபம் தெரிவிக்கலாம். நிலையம் தன் பொதுக் கோப்பை எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் வைத்திருக்க வேண்டும்.

இந்தக் கயிறு எதுவும் கட்டாத இடமும் உண்டு. 2001 செப்டம்பர் தாக்குதல் நடந்து ஒரு வாரம்கூட ஆகாத நிலையில், விமானத்தில் வந்தவர்கள் கோழைகள் அல்ல, 2,000 மைல் தள்ளி நின்று ஏவுகணை விட்ட நாம்தான் கோழைகள் என்று பில் மார் ஏபிசியில் பேசினார். ஃபெட்எக்ஸும் சியர்ஸும் விளம்பரத்தை விலக்கின. சில நிலையங்கள் நிகழ்ச்சியை நிறுத்தின. அமெரிக்கர்கள் பேசுவதைக் கவனித்துப் பேச வேண்டும் என்றார் வெள்ளை மாளிகைச் செய்தித் தொடர்பாளர். அடுத்த ஆண்டு நிகழ்ச்சி முடிந்தது. 2003இல் மார் சந்தா கட்டிப் பார்க்கும் எச்பிஓவுக்குப் போனார். அங்கே வானலை லைசென்ஸ் கிடையாது, ஊர் நிலையம் கிடையாது, விலக்கிக்கொள்ள விளம்பரமும் கிடையாது. இருபது வருடத்துக்கு மேலாக அங்கேயேதான் பேசிக்கொண்டிருக்கிறார்.