சிங்க்: காலத்தையா பாக்கணும், இசைவையா?

"சிங்க் ஆயிடுச்சா", "இன்னும் சிங்க் ஆகல"ன்னு தினம் சொல்றோம்ல, அது சிங்கரனைஸ்ங்கற நீளமான சொல்லோட முன்பாதி. மூலம் கிரேக்கம், சுன் (syn) அப்படின்னா சேர்ந்து, குரோனோஸ்னா காலம், ஆக ஒரே நேரத்துல நடக்கறதுன்னு அர்த்தம். சினிமாவுல வாயசைவும் சத்தமும் ஒண்ணா வரணும்னு லிப் சிங்க்னு சொல்றோமே, அங்க இந்தக் காலக் கணக்கு சரியாவே பொருந்துது.

ஆனா ரெண்டு மெஷின்ல இருக்கற போல்டர்களை ஒரே மாதிரி ஆக்கறதையும் சிங்க்னுதான் சொல்றோம், அதுல காலத்துக்கு என்ன வேலை? அந்தச் சொல்லுக்குள்ள இருக்கற காலம் டிசைனுக்குள்ளயும் வந்துடுச்சுன்னு எனக்குத் தோணும், ஏன்னா நிறைய டூல் "எது கடைசியா மாத்தினதோ அதுதான் சரி"ன்னு தேதிய நம்புது. ஒரு மெஷின்ல கடிகாரம் அஞ்சு நிமிஷம் முன்னாடி ஓடினா போச்சு. பென் டிரைவ்ல எல்லாம் வர்ற ஃபேட் (FAT) ஃபைல் சிஸ்டம்ல மாத்தின நேரம் 2 செகண்ட் கணக்குலதான் பதிவாகும். அதவிட மோசம் டெலீட். இங்க ஒரு ஃபைல் இருக்கு, அங்க இல்ல, இது இங்க புதுசா வந்ததா இல்ல அங்க அழிச்சதா? தேதி அத சொல்லவே சொல்லாது. நான் ஒருதடவ ஒரு மெஷின்ல உக்காந்து பழைய போல்டர் எல்லாத்தையும் அழிச்சு முடிச்சேன், மறுநாள் பாத்தா அத்தனையும் இன்னொரு மெஷின்லேர்ந்து திரும்பி வந்து நிக்குது.

தமிழ்ல இதுக்கு ஒத்திசைவு, வினையா ஒத்திசை, போன் செட்டிங்ஸ்லயே பாத்திருப்பீங்க. வெறும் மொழிபெயர்ப்புன்னு தள்ளிடாதீங்க. இசைவுன்னா சம்மதம், "இசைவு தந்தார்"னு சொல்றோம்ல. ஒத்துப் பாக்கறதுன்னா ரெண்டையும் பக்கத்துல வெச்சு சரிபாக்கறது. ஆக ஒத்துப்பாத்து இசையறது, காலம்ங்கற பேச்சே இதுல இல்ல! பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துல பெஞ்சமின் பியர்ஸ் குழு செஞ்ச யூனிசன்ங்கற சிங்க் டூல் சரியா இப்படித்தான் வேலை செய்யுது, ரெண்டு பக்கமும் கடைசியா எந்த நிலைமையில ஒத்துப்போனாங்கன்னு ஒரு பதிவு வெச்சுக்கும், அடுத்த தடவ ஒவ்வொரு பக்கத்தையும் அந்தப் பதிவோடதான் ஒப்பிடும். பதிவுல இருந்து இப்ப இல்லேன்னா அழிச்சது, பதிவுல இல்லாம இப்ப இருந்தா புதுசு, ரெண்டு பக்கமும் வேறவேற மாதிரி மாறியிருந்தா முரண், அத நம்மகிட்ட கேக்கும். அந்தப் பதிவ நான் கடைசி இசைவுன்னு சொல்வேன்.

போல்டருக்குள்ள போல்டர்னு கிளைவிட்டு, பல லட்சம் ஃபைல் இருக்கற மரத்துல கஷ்டம் வேற. மாறினது பத்து ஃபைலா இருக்கும், ஆனா அந்தப் பத்து எதுன்னு கண்டுபிடிக்க எல்லாத்தையும் தொட்டுப் பாக்கணும். 1996ல ட்ரிட்ஜெலும் மெக்கராஸும் கொண்டுவந்த ஆர்சிங்க் (rsync)ங்கற டூல், ஃபைலுக்குள்ள மாறின துண்ட மட்டும் அனுப்பற விஷயத்துல அருமை, ஆனா 2008ல 3.0 வர்ற வரைக்கும் மொத்த ஃபைல் லிஸ்டையும் மெமரில சேத்துட்டுத்தான் வேலையவே ஆரம்பிக்கும். இங்க மெர்க்கல் ட்ரீங்கற முறை உதவும், ஹேஷ்னா ஃபைல்ல இருக்கறத வெச்சுக் கணக்குப் போட்டு எடுக்கற கைரேகை மாதிரி ஒரு சின்ன எண், ஒவ்வொரு போல்டருக்கும் உள்ள இருக்கறதோட ஹேஷ்லேர்ந்து ஒரு ஹேஷ், உச்சி ஹேஷ் ரெண்டு பக்கமும் ஒண்ணா இருந்தா முழு மரமும் ஒண்ணு, இல்லேன்னா வேறுபடற கிளைல மட்டும் இறங்கினா போதும். அந்த ஹேஷ புதுசா வெச்சுக்க லினக்ஸ்ல 2005லேர்ந்து ஐநோட்டிஃபை (inotify) இருக்கு, ஃபைல் மாறினா உடனே தகவல் சொல்ற வசதி அது, ஆனா ஒவ்வொரு போல்டருக்கும் தனித்தனியா ஒரு வாட்ச், அதாவது கண்காணிப்பு, போடணும், தகவல் வந்து நிக்கற வரிசை நிரம்பி வழிஞ்சா தகவல் தவறிடும், அதனால அப்பப்ப முழு ஸ்கேனும் வேணும்தான். போல்டர் பேர் மாத்தினாலும் அதே ஹேஷ் இருக்கறதால, அழிச்சு மறுபடி முழுசா அனுப்பாம அங்கயும் பேர மட்டும் மாத்திடலாம்.

கடிகாரங்கள சரி பண்றதுக்கு மட்டும் "நேர ஒத்திசைவு"ன்னு முன்னாடி நேரம்ங்கற சொல்ல சேத்துக்கோங்க. அப்புறம் ஆர்சிங்க் பேர்ல சிங்க் இருந்தாலும் அது ஒரு பக்கத்துலேர்ந்து இன்னொரு பக்கத்துக்கு மட்டும்தான் கொண்டுபோகும், யார்கிட்டயும் இசைவு கேக்கறதில்ல, அத நகலெடுத்தல்னு சொன்னாதான் சரி.